டயர் சீட்

ஜூலை 4, வெள்ளி

கடைசிப் பாடவேளை இனிமேல் என்னுடையது. நம் ஹெச்.எம். அய்யாதுரை சார் பயிற்சிக்கு அனுப்பினாலும் அனுப்பினார், வந்ததும் வராததுமாகத் தலையில் கட்டிவிட்டார். 'பிள்ளைகள் தாங்களே பலகை விளையாட்டு வடிவமைத்துச் சிக்கல் தீர்க்கும் திறன் பெறுதல்.' வெள்ளிதோறும் ஆறாம் வகுப்பு. பதினாலு பிள்ளைகள்.

"புதுசா ஒரு விளையாட்டு செய்யுங்க" என்றேன். பதினாலு பேரும் பாம்பு வரைந்தார்கள். பாம்பும் ஏணியும் வேண்டாம் என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். நானும் அவர்களும் சுவரைப் பார்த்தோம்.

அப்புறம்தான் பையில் இருந்த கட்டு நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர், இவர், காலண்டர் பைண்டிங்கில் சூப்பர்வைசராக இருப்பதில் வீட்டுக்கு வரும் ஒரே சொத்து கழிவுத் தாள். இந்த டைரியே அப்படி வந்ததுதான், அட்டை தலைகீழாக ஒட்டியது. தினசரி காலண்டர் தேதித் தாள்கள், ஓரம் கோணலாக வெட்டுப்பட்டவை, ஐந்நூறு இருக்கும். மேசையில் கொட்டினேன். "இத வெச்சு என்னமும் பண்ணலாமான்னு பாருங்க."

எதற்கும் எழுந்து பேசாத செல்வலட்சுமி ஒரு தாளை எடுத்து அடியில் இருந்த ராசிபலனை வாசித்தாள். மேஷம் ஆதாயம். ரிஷபம் மறதி. மிதுனம் அலைச்சல்.

"டீச்சர், மறதி விழுந்தா நம்ம முறைய நாமளே மறந்துரணும். வெச்சுக்கிடுவமா?"

ஒரு வருஷமாக இந்தப் பிள்ளையின் குரலையே நான் சரியாகக் கேட்டதில்லை.

ஜூலை 5, சனி

மீன் குழம்பு வைக்கும்போதும் 'அலைச்சல்' விழுந்தால் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உப்பு இரண்டு தடவை.

ஜூலை 11, வெள்ளி

அலைச்சல்: நாலு கட்டம் முன்னே போய் நாலு கட்டம் திரும்பி வர வேண்டும், வாயால் எண்ணிக்கொண்டே. பகை: பக்கத்துக் கட்டத்தில் இருப்பவரோடு 'டூ', ஒரு சுற்று பேசக்கூடாது. பாராட்டு: எல்லாரும் கை தட்ட வேண்டும், மூன்று கட்டம் முன்னே. 'பொறுமை'க்கு அரைமணி நேரம் பொறுமையில்லாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் 'நின்ற இடத்தில் நில்' என்று முடிவாயிற்று.

பலகை ஒரு காலண்டர் அட்டை. அறுபது கட்டம், பென்சிலால் வரைந்த ரோடு. கம்பெனி கேட்டில் புறப்பட்டு வீட்டுக்கு வர வேண்டும். ஏன் கம்பெனி என்று கேட்டதற்கு, "எல்லாரும் அங்கன இருந்துதான டீச்சர் வீட்டுக்கு வாராக" என்றான் ஒருவன். பதினாலில் பத்துப் பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ வெடி கம்பெனி அல்லது தீப்பெட்டி ஆபீஸ். கேட்டது என் தப்பு.

எழுதியதை அழித்து, அழித்ததன் மேலே எழுதி, பலகை அழுக்கேறிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது, என்னத்துக்கு மறைக்க.

ஜூலை 18, வெள்ளி

நானும் கிறிஸ்தவள்தான். இருந்தும் இது என் மண்டையில் உறைக்கவில்லை.

ஆளுக்கு ஒரு ராசி எடுத்தபோது ஜெப்ரின் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எங்க வீட்ல ராசி பாக்க மாட்டாக டீச்சர். அம்மா வையும்." அவன் அம்மா இசபெல் நர்ஸ், எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை என்னையும் சேர்த்து வைவாள்.

'சும்மா விளையாட்டுக்குத்தானேடா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்வலட்சுமி, "அப்ப ராசிப் பேரே வேண்டாம். ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கிடலாம். கட்டை உருட்டி, விழுற நம்பர் வரிசைய வாசிக்கணும்" என்றாள். பன்னிரண்டு வரிசை, இரண்டு பகடைக்கட்டை. சரியாக வந்தது. இருந்து இருந்து ஜெப்ரின்தான் கண்டுபிடித்தான்: "ஏலே, ரெண்டு கட்டைய உருட்டுனா ஒண்ணு விழவே விழாதுலே!"

ஆமாம். எந்தத் தாளிலும் முதல் வரிசை வார்த்தை யாருக்கும் வராது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டார்கள்.

ஜூலை 25, வெள்ளி

பெரிய சிக்கல். விளையாட்டு முடிய மாட்டேன் என்கிறது. பாடவேளை முழுதும் ஐந்து பேர் ஆடினார்கள், மணி அடித்தபோது முன்னால் நின்றவள் முப்பத்தோராம் கட்டத்தில். காலண்டர்க்காரர்கள் நல்ல வார்த்தையும் கெட்ட வார்த்தையும் சரிபாதியாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். ஏறினால் இறக்கம்.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பதில் தெரியும். கெட்ட வார்த்தைகளின் கடுமையைக் குறைத்தால் போதும். தடங்கல் மாதிரி வார்த்தை விழுந்தால் ஆறு கட்டம் பின்னே என்று வைத்திருப்பதை ஒன்று ஆக்கினால் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அய்யாதுரை சார் விருதுநகரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். செப்டம்பர் 9. ஐந்து பிள்ளைகள். "நம்ம பள்ளிக்கூடத்துப் பேர் அங்கன கேக்கணும் டீச்சர், பாத்துக்கிடுங்க."

இன்றைக்கும் விளையாட்டு முடியவில்லை. பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான்தான் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த அழுக்குப் பலகையையா விருதுநகருக்குக் கொண்டுபோவது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. இவர் பிரஸ்ஸில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை. இவர் கும்பிடாவிட்டாலும் ஓரமாக நின்று லட்டு வாங்கிவந்துவிடுவார். ஆராதனை முடிந்து வந்ததும் பேச்சுவாக்கில் விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். "அச்சடிச்சுருவமா? ஆர்டர் வேலை ஏறுறதுக்குள்ள ஒரு ஷீட் ஓட்டிரலாம்" என்றார்.

சிவகாசியில் பிறந்தவர்களுக்கு உள்ள வியாதி இது. எதைப் பார்த்தாலும் அச்சடித்துவிட வேண்டும். காதுகுத்து என்றால் பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பத்திரிகைக்கு டிசைன் வந்துவிடும். எனக்கும் அதே ரத்தம். மத்தியானமே உட்கார்ந்து விதிகளை எழுதிக் கொடுத்தேன், கெட்ட வார்த்தை எல்லாம் ஒரு கட்டம் பின்னே என்று திருத்தி. 'முதலில் 60ஐத் தொடுபவரே வெற்றியாளர்.' நாலு கலர். வார்னிஷ். ஐந்து பிரதி.

சின்னத் திருத்தம்தானே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை.

பலகை அழகாக வந்திருந்தது. ரோட்டோரம் பனைமரம், சிரிக்கிற சூரியன், அடியில் பள்ளியின் பெயர். விரித்து வைத்ததும் பிள்ளைகள் "ஏ... யப்பா" என்றார்கள். தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆடினார்கள். பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது, பொன்னுத்தங்கம் ஜெயித்தாள். நான் கை தட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன் என்பது அப்போது தெரியவில்லை.

செல்வலட்சுமி பென்சிலை எடுத்து நாற்பதாம் கட்டத்தில் ஏதோ எழுதப் போனாள். வழக்கமாகச் செய்வதுதான். வார்னிஷில் பென்சில் ஓடவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள். ஒன்றும் விழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அச்சடிச்சாச்சுன்னா மாத்த முடியாதுல்ல டீச்சர்?"

"மாத்த வேண்டாம்மா. அதான் சரியா வந்துருச்சே."

"அப்ப இது ஒங்க வெளாட்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பேனா யாருடையது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். தன் காயாக வைத்திருந்த சோழியை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டாள். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் பத்து நிமிஷம் வாய்ப்பாடு படித்தோம்.

என்ன செய்துவிட்டேன் இப்போ? அவங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன். இல்ல... அய்யாதுரை சார் நல்லதுக்கு. இல்ல, எனக்குத்தான். அவ்வளவுதான், எனக்குத்தான்.

ஆகஸ்ட் 9, சனி

கோயம்புத்தூரிலிருந்து ஆல்பின் பேசினான். மகனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அம்மா, திரும்பவும் காத்தாடி செஞ்சுட்டீகளா?"

அவன் ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்குக் காற்றாலை செய்தான். செய்தான் என்று ஊருக்குச் சொன்னோம். அவன் செய்ததன் இறக்கை சாய்ந்து சாய்ந்து நின்றது, நான் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்துவிட்டேன். முதல் பரிசு. அந்தக் கோப்பை இன்னமும் என் பீரோவில்தான் இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் போகும்போது அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை, 'வேணுமா'ன்னு நானும் கேக்கல.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரேயர் முடிந்ததும் வகுப்பில் சொன்னேன். "ஒங்க விளையாட்டை ஒங்களைக் கேக்காம மாத்தினது தப்பு. அச்சடிச்சது அதைவிடத் தப்பு." பதினாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், தப்பு செய்தது அவர்கள் போல. டீச்சர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

அச்சடித்த ஐந்தையும் பின் பெஞ்சில் வைத்தேன். பழைய பென்சில் பலகையைத் தேடினேன். வகுப்பைக் கூட்டும் வேலம்மா குப்பைத் தாளோடு சேர்த்துப் பெருக்கிவிட்டதாம்.

கேட்டதும் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. காலண்டர் அட்டைக்குப் போய்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அச்சடித்த அட்டையின் பின்பக்கம் சாம்பல் நிறம், பூச்சு கிடையாது. பென்சில் நன்றாக ஓடும். திருப்பிப் போட்டால் போதும். சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் என் விளையாட்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சொல்லவில்லை. ஆனால் பின் பெஞ்சுப் பக்கம் நாலு தடவை போய்வந்தேன். ஒரு தடவை அட்டையைக் கீழே தள்ளிவிட்டு, கவிழ்ந்து விழுகிறதா என்று பார்த்தேன். படம் மேலே இருக்கத்தான் விழுந்தது.

சாயங்காலம் பிள்ளைகளோடு பள்ளிக்கூட கேட்டில் நின்றேன். அம்மாக்களை இறக்கிவிடும் கம்பெனி வேன் அங்கேதான் நிற்கும். தீபாவளி சீசன் ஏறிவிட்டதால் தினமும் பிந்துகிறது. இன்றைக்கு ஆறு மணி ஆகிவிட்டது. செல்வலட்சுமியின் அம்மா மாரித்தாய் இறங்கியதும் என்னைப் பார்த்துப் பதறினாள்.

"என்ன டீச்சர், நிக்கீக? எம்மவ என்னமும் செஞ்சுட்டாளா?"

"அதெல்லாம் இல்ல. ஏன் இம்புட்டு நேரம்?"

"கருப்பம்மா மைனிக்குக் கையில ஒட்டுன மருந்தக் கழுவி வர நேரமாயிருச்சு. ஒரு ஆளு கொறைஞ்சாலும் சின்னச்சாமி அண்ணன் வண்டிய எடுக்காது. தலைய எண்ணிட்டுத்தான் சாவியவே தொடும்." வேனுக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "பிந்தி வந்தவுகளுக்கு டயர் சீட்டு! அந்தச் சக்கரத்து மேல உக்காந்து வந்தா திங்கிற சோறு ஊரு வாரதுக்குள்ள செமிச்சுரும்."

உள்ளேயிருந்து கருப்பம்மாள், "நாளைக்கு நீ உக்காரு, தெரியும்" என்று கத்தியது. வேன் முழுதும் சிரிப்பு. மாரித்தாய் போகும்போது திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழம வெளாட்ட நிறுத்திட்டீகளா டீச்சர்? வீட்ல வாய் ஓயாம பேசிக்கிட்டுக் கெடந்தா. இப்பப் பேச்சையே காணும்."

வீடு வரைக்கும் அதுதான் காதில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

வாய்ப்பாடு எழுதச் சொல்லியிருந்தேன். ஜெப்ரினிடம் ரஃப் நோட்டு இல்லை, பின் பெஞ்சில் கிடந்த அட்டையை எடுத்து, சிரிக்கிற சூரியனைக் கவிழ்த்துப்போட்டு, சாம்பல் பக்கத்தில் பதினேழாம் வாய்ப்பாடு எழுத ஆரம்பித்தான். செல்வலட்சுமி பார்த்துவிட்டாள். அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "ஏலே, இதுல பென்சில் ஓடுதுலே!"

அப்புறம் யார் வாய்ப்பாடு எழுதுவார்கள்? ஐந்து அட்டையும் கவிழ்ந்தன. ஸ்கேல் வந்தது, ரப்பர் வந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதாத ஒன்றை அழித்துக்கொண்டிருந்தேன். முகத்தைக் காட்டினால் இது ஏதோ என் ஏற்பாடு என்று நினைத்துவிடுவார்கள்.

பாவாடை முடிச்சிலிருந்து அந்தச் சோழி வெளியே வந்ததைப் பார்த்தேன். இரண்டு வாரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முடிந்துவிட்டது. அதாவது, விளையாட்டு முடிகிறது.

போன வாரமே அறுபதாம் கட்டத்தில் வீட்டை அழித்துவிட்டு வேன் வரைந்திருந்தார்கள். வேனுக்கு வந்து சேர்ந்தால் போதுமாம், அப்புறம் சின்னச்சாமி அண்ணன் பார்த்துக்கொள்வார். முதலில் ஏறுகிறவருக்கு ஜன்னல் சீட். கடைசிக்கு டயர் சீட். ஆனால் எல்லாரும் ஏறினால்தான் வேன் எடுக்கும், அப்போதுதான் ஆட்டம் முடியும்.

"அப்பிடின்னா இன்னும் முடியாதே, ஒருத்தரே அறுபதுக்கு வர மாட்டேங்காக. அஞ்சு பேரும் எப்ப வந்து சேர?" என்றாள் பொன்னுத்தங்கம். எனக்கும் அதே கேள்விதான். இந்தத் தடவை நிஜமாகவே எனக்குப் பதில் தெரியாது.

செல்வலட்சுமி ஒரு தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மொத வரிசை சும்மாத்தான கெடக்கு. அது ஆருக்கும் விழாதுல்ல. அத அடுத்தவுகளுக்குக் குடுத்துரலாம். ஆரு கடைசில நிக்காகளோ அவுகளுக்கு."

"கெட்ட வார்த்தையா இருந்தா?" என்றான் ஜெப்ரின்.

"கெட்டத ஆராச்சும் குடுப்பாகளாலே? நல்லதா இருந்தா மட்டும் குடு."

ஆடிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தன் வார்த்தையை ஆடிவிட்டு, அதே தாளின் முதல் வரிசையைப் பார்க்கிறார்கள். ஆதாயமோ உயர்வோ இருந்தால் கடைசி ஆள் நகருகிறான். அவன் நகர்ந்ததும் வேறொருவன் கடைசி. பின்னாலிருந்து தள்ளத் தள்ள மொத்தக் கூட்டமும் வேனை நோக்கிப் போயிற்று. முப்பத்திரண்டு நிமிஷம். என் திருத்தத்தில் ஆட்டம் பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது, ஆனால் இந்தச் சத்தம் அதில் இல்லை. கடைசியாக வந்தவனைக் கத்திக் கூப்பிட்டதில் எட்டாம் வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விருதுநகர் போய்வந்தோம். பரிசு இல்லை. எங்களுக்கு அடுத்த மேசையில் தானாகத் தண்ணீர் ஊற்றும் இயந்திரம், முதல் பரிசு அதற்கு. எல்லாருக்கும் கொடுத்த சான்றிதழ் எங்களுக்கும். அய்யாதுரை சார் முகம் கொஞ்சம் சுருங்கி, புரோட்டா வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

நடுவர் ஒருவர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். "சிவகாசிப் பிள்ளைங்க, இதைக் கூடவா அச்சடிக்க முடியல? பென்சில்ல கிறுக்கியிருக்கீங்க?" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. செல்வலட்சுமி அசரவில்லை.

"இன்னும் முடியல சார். நேத்துக்கூட ஒண்ணு மாத்துனோம்."

"சரி, இதுல யாரு ஜெயிப்பா?"

"ஜன்னல் சீட்டு பிடிக்கிறவுக."

"அப்ப தோத்தவங்க?"

"டயர் சீட்டு. ஆனா அவுகளும் வீட்டுக்கு வந்துருவாக சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கம் வாய் வரைக்கும் வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன், பொய் எழுதி என்ன.

செப்டம்பர் 10, புதன்

ஆல்பினுக்குப் படிப்பில் ஏதோ புராஜெக்ட் தலைவலி. முழுதும் சொல்லிமுடித்து, "என்ன செய்யட்டும்மா?" என்றான். "நீ என்ன நெனைக்கிற?" என்றேன். அதற்கு, "அம்மா, ஒங்களுக்கு ஒடம்பு என்னமும் சரியில்லையா?" என்கிறான், படவா. கால் மணி நேரம் அவனே பேசி அவனே ஒரு வழி கண்டுபிடித்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலாண்டுப் பரீட்சைக்கு முன் கடைசி வெள்ளி. கண்காட்சி முடிந்துவிட்டதே, திருப்புதல் நடத்தலாம் என்று புத்தகத்தோடு போனேன். பிள்ளைகள் பெஞ்சை எல்லாம் வேன் சீட் மாதிரி வரிசையாகப் போட்டுவைத்திருந்தார்கள். தரையில் பலகை. அஞ்சு காய் ஆட்டம் இப்போது ஆறு காய் ஆகியிருந்தது.

"ஆறாவது யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான் டீச்சர்" என்றாள் செல்வலட்சுமி, ஒரு சோழியை நீட்டி.

சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், ஆடாத ஒன்பது பேரும் சுற்றி நின்றார்கள். என் அதிர்ஷ்டம், எடுத்ததெல்லாம் தடங்கலும் மறதியும். ஒருமுறை பகை விழுந்து ஒரு சுற்று முழுதும் நான் ஜெப்ரினோடு பேசக்கூடாது என்றார்கள், அவனுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். ஒவ்வொருத்தராக அறுபதுக்குப் போய், எழுந்து பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமிக்கு ஜன்னல் சீட். நான் நாற்பத்தி நாலில் நின்றேன்.

மணி அடித்தது. பக்கத்து வகுப்பு ஓடியது. நான் எழுந்து, "சரி, போதும், வீட்டுக்குக் கிளம்புங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை.

"அதெப்படி டீச்சர்? நீங்க வராம வேன் எடுக்காது" என்றாள் அவள். ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்தபடி முறை வைத்துத் தாள் எடுத்து, முதல் வரிசையை எனக்கு வாசித்தார்கள். உயர்வு. அலைச்சல் — அது வேண்டாம், கீழே போடு. பாராட்டு. எல்லாரும் கை தட்டினார்கள். மூன்று கட்டம். ஆதாயம். பொன்னுத்தங்கம் பையை மாட்டிக்கொண்டே வாசித்தாள். அறுபதைத் தொட எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.

கடைசி பெஞ்சின் கால் ஒன்று குட்டை, உட்கார்ந்தால் ஆடும். அதுதான் டயர் சீட்டாம். என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, ஜெப்ரின் தலையை எண்ணினான். ஆறு.

"ஏறியாச்சு, போலாம் ரைட்" என்றான். பெஞ்சு ஆடியது.